செங்காந்தள் கிழங்கு முளைக்கவில்லை, முளைத்த கொடியும் படுத்துவிட்டது

கேள்வி:
தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வரட்டும் என்று 4 செங்காந்தள் கிழங்கு நட்டேன். ஆறு வாரமாகியும் ஒன்றுதான் முளைத்தது. அதுவும் ஒரு முழம் வளர்ந்து தரையில் சாய்ந்துவிட்டது. கட்டைவிரல் பருமனுக்கு மூங்கில் ஊன்றியும் பற்றவில்லை. தினமும் தண்ணீர் விடுகிறேன். எங்கே தப்பு?

பதில் 1:
தண்ணீரில்தான். இலை விடாத கிழங்குக்கு ஈரம் அதிகம் தேவையில்லை, தேங்கினால் அழுகும். மெதுவாகத் தோண்டி நுனிகளைப் பாருங்கள். கலப்பை போல வளைந்த இந்தக் கிழங்கில் முளைக்கண் நுனியில் மட்டும்தான் இருக்கும், உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. கொழகொழத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கு கலந்து, 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் படுக்கவையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

கையுறை கட்டாயம். செடி முழுக்கக் கோல்ச்சிசின் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கூடுதல். வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடம் பாருங்கள்.

பதில் 2:
மூங்கில் பருமன்தான் சிக்கல். இதற்குத் தனிப் பற்றுக்கம்பி இல்லை, இலையின் நுனியே சுருண்டு பிடிக்கும். அந்தச் சுருளுக்குள் அடங்குவது பென்சிலைவிட மெல்லிய குச்சிதான். காய்ந்த விளார்களைக் கிளையோடு ஊன்றுங்கள்; பக்கத்தில் புதர்ச்செடி இருந்தால் இன்னும் நல்லது. சாய்ந்த தண்டை இரண்டு கையாலும் தாங்கித் தூக்கி, தளர்வாகக் கட்டுங்கள். அடியில் முறிந்தால் பெரும்பாலும் இந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான்.

கேட்டவர்:
தோண்டினேன். இரண்டில் நுனியே இல்லை. மூன்றாவது கெட்டியாக, வெள்ளை முளையோடு இருக்கிறது!

பதில் 3:
அருமை, முளையில் கை படாமல் மூடுங்கள். கறுப்பில் சிவப்பு, வெள்ளைப் புள்ளியிட்ட புழுக்கள் இலையை மொட்டையடிக்க வரும். கையால் பொறுக்குங்கள், மருந்து வேண்டவே வேண்டாம். நீங்கள் அழைக்கும் பட்டாம்பூச்சியும் அதில் சாகும். பூவைக் கிட்டப் பாருங்கள்: இதழ்கள் பின்னால் மடங்க, மகரந்தத்தாள்கள் குடைக்கம்பிபோல் வெளியே விரிந்திருக்கும். தேன் இதழடியில். அதைத் தேடிச் சுற்றும் பட்டாம்பூச்சியின் இறக்கையில் மகரந்தம் ஒட்டும்.

பருவம் முடிந்து கொடி மஞ்சளானால் செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள், கிழங்கு உறங்கட்டும். அடுத்த மழைக்கு அதுவே முளைக்கும்.