மிச்சம் நாலு அடி எங்கே? பழைய வீட்டு மர்மக் கதைகளைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும்

இங்கிலாந்து மாளிகைகளில் நடக்கும் சிறுவர் மர்மக் கதைகள் பலவற்றில் ரகசிய அறை கிடைப்பது தற்செயலாகத்தான். பையன் கால் தடுக்கிச் சுவரில் சாய்வான், பலகை திறந்துகொள்ளும். படிக்கிற பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. அளந்து கண்டுபிடிக்க வையுங்கள். வீட்டின் வெளி நீளம் 40 அடி. உள்ளே வரிசையாக மூன்று அறைகள்: 11, 12, 9. வெளிச்சுவர் இரண்டும் தலா ஒன்றரை அடி, தடுப்புச் சுவர் இரண்டும் தலா அரை அடி. கூட்டினால் 36. மிச்சம் 4 அடி எங்கே போனது? இந்த எண்களை ஒரே பக்கத்தில் கொட்டிவிடக் கூடாது. சுவரின் கனத்தை, ஜன்னல் திட்டில் ஒருத்தி கால் நீட்டி உட்காரும்போதே காட்டிவிடலாம்.

* * *

அந்த 4 அடியை உடனே அறையாக்கிவிட வேண்டாம். கணப்பும் புகைபோக்கியும் அவ்வளவு இடத்தைத் தின்னும். பிள்ளைகள் முதலில் அப்படியே நம்பிவிட்டுப் போகட்டும். நாலைந்து அத்தியாயம் கழித்து, தோட்டத்திலிருந்து கூரையைப் பார்க்கும்போது அந்த இடத்துக்கு மேலே புகைபோக்கியே இல்லை என்று தெரியட்டும்.

* * *

ஜன்னலும் அப்படித்தான். ஒவ்வொரு ஜன்னலிலும் துண்டைத் தொங்கவிட்டு, துண்டு இல்லாத ஜன்னலை வெளியிலிருந்து தேடுவது ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டை பற்றி நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. ஆனால் இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்தவர்கள் ஏராளம். அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் துள்ளும் பிள்ளையை அடக்க, வரி விவரம் தெரிந்த ஒரு பாட்டி கதையில் இருந்தால் போதும்.

* * *

சுவரைத் தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. பழைய ஆங்கில வீடுகளின் தடுப்புகள் பல, மரச் சிம்புகளை அடித்து அதன்மேல் சுண்ணாம்பு பூசியவை. உள்ளே வெற்றிடம் என்பதால் பெரும்பாலான இடங்களில் ‘டொக் டொக்’ என்றுதான் கேட்கும். அதைவிட மெழுகுவர்த்தி நல்லது. ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருக்கும்போது பலகை இடுக்கில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பின்னால் காற்றுக்கு வழி இருக்கிறது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், கதையிலானாலும்.

* * *

ரகசிய அறை உள்ள உண்மை வீடு ஒன்று வேண்டுமென்றால் வூஸ்டர்ஷயரில் உள்ள ஹார்விங்டன் ஹால். 1585 சட்டப்படி கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்தில் இருப்பதே ராஜத்துரோகமாக இருந்தது. அவர்களை ஒளித்து வைக்க இத்தகைய மறைவிடங்கள் பலவற்றைக் கட்டியவர் நிக்கொலஸ் ஓவன் என்ற தச்சர். 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். ஹார்விங்டனில் செங்கல் சுவரில் வரிசையாக நிற்கும் மரத்தூண்களில் ஒன்று மட்டும் சுழலும். பின்னால் சுமார் 8 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி உயரத்தில் ஒரு பொந்து. பாரம் தாங்குகிற தூணை யார் சந்தேகப்படுவார்கள்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாழடைந்த பகுதியில் விளையாடிய பிள்ளைகள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

கதைகளில் விட்டுப்போவது சாப்பாடும் கழிவும். 1606இல் ஹிண்ட்லிப் மாளிகையில் ஒளிந்திருந்த இரண்டு பாதிரியார்களுக்குப் பக்கத்து அறையிலிருந்து நாணல் குழாய் வழியே கஞ்சி போன்ற திரவ உணவு போனது. ஆகவே பசியால் அவர்கள் வெளியே வரவில்லை. மலசலத்துக்கு வழியில்லாமல் நாற்றம் தாங்க முடியாமல்தான் ஒரு வாரத்தில் வந்தார்கள். உங்கள் திருடன் மூன்று நாள் ரகசிய அறையில் இருந்தால் வாளி எங்கே என்று எந்தப் பிள்ளையும் கேட்கும்.

* * *

கடலோர வீடு, கடத்தல்காரர் சுரங்கம் என்றால் கடல் ஏற்றவற்றத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கள் காலை 10 மணிக்கு வாய் திறந்திருந்த குகை, வியாழன் அன்று பன்னிரண்டரைக்குத்தான் திறக்கும். வாரம் முழுக்கக் காலை 10 மணிக்கே பிள்ளைகளை உள்ளே அனுப்பும் கதைகள் இருக்கின்றன.

* * *

மாடியறையில் நடக்கும் காட்சிக்கு: தரைப் பலகையில் ஆணி வரிசை தெரியும் இடத்துக்குக் கீழேதான் அதைத் தாங்கும் மரச் சட்டம் இருக்கும், கால் அங்கே வைக்க வேண்டும். ஈரச் சுவருக்குள் செருகிய சட்டத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும், அதனால் அங்கே சுவரோரம் வேண்டாம். படியில் மட்டும் சுவரோரம்தான் நல்லது, சத்தமும் குறையும்.