ஷரோலே கன்று எடையில் முந்துவது இனத்தாலா, கணக்குப் பிழையாலா?

கேள்வி: இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம். தாய் மாடுகள் எல்லாம் ஹெர்ஃபோர்டு–ஆங்கஸ் முதல் தலைமுறைக் கலப்பு. ஆங்கஸ், ஷரோலே, லிமோசின் மூன்றிலும் இனத்துக்கு ஒரு காளையின் விந்துக்குச்சிதான் (சினை ஊசிக்கான உறைவிந்து). பால் மறக்கடிக்கும்போது எடை போட்டதில் ஷரோலே கன்றுகள்தான் முன்னே. இதை வைத்து இனத்தை முடிவு செய்யலாமா? 205 நாள் எடைக்கு, அதாவது எல்லாக் கன்றும் 205 நாள் வயதில் இருந்தால் வரும் எடைக்கு, எப்படி மாற்றுவது?

மந்தைக்கணக்கு (பதில் சொல்பவரின் புனைபெயர், கீழே உள்ளவையும் அப்படியே): எடை போட்டபோது வந்த எடையிலிருந்து பிறந்த எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 205-ஆல் பெருக்கி, பிறந்த எடையைத் திரும்பக் கூட்டுங்கள். 40 கிலோவாகப் பிறந்த கன்று 190-ஆம் நாளில் 230 கிலோ என்றால் 245 வரும். அடுத்து தாயின் வயது. 2 வயதுத் தாய்க்குப் பிறந்த காளைக்கன்றுக்கு 27 கிலோ, 3 வயதுக்கு 18, 4 வயதுக்கு 9 கூட்டணும். கிடேரிக்கன்றுக்குக் கொஞ்சம் குறைவு. 5 முதல் 10 வயதுத் தாய்க்கு ஒன்றும் வேண்டாம். கன்றின் வயது 160–250 நாளுக்கு வெளியே போனால் இந்தக் கணக்கு நம்பிக்கைக்கு உரியதல்ல. எல்லாக் கன்றையும் ஒரே காலையில், தண்ணீர் காட்டும் முன் நிறுத்துப் பாருங்கள். வயிற்றில் கிடக்கும் தண்ணீரும் புல்லுமே இன வித்தியாசம் மாதிரி தெரியும்.

முக்கால்ரத்தம்: கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. உங்கள் மாட்டுக்கு ஆங்கஸ் போட்டால் கன்று முக்கால் ஆங்கஸ். கன்றுக்குக் கிடைக்கும் கலப்பின வீரியம் (இனக்கலப்பால் வரும் கூடுதல் வளர்ச்சி) பாதிதான். ஷரோலேவுக்கும் லிமோசினுக்கும் அது முழுசாகக் கிடைக்கிறது. ஆங்கஸ் ஓட்டத்தைத் தொடங்கும்போதே பின்தங்கிவிட்டது.

இன்னொன்று, ஒரு காளை ஒரு இனம் ஆகாது. ஒரே இனத்துக்குள் காளைக்குக் காளை இருக்கும் வித்தியாசம் இனங்களுக்கு இடையே இருப்பதற்குச் சளைத்ததல்ல. உங்கள் மாநிலத்திலேயே கிளே சென்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் பல காளைகளை எடுத்து, ஹெர்ஃபோர்டையும் ஆங்கஸையும் ஒவ்வொரு சுற்றிலும் அளவுகோலாக வைத்துத்தான் சோதித்தார்கள். நம்ம சாஹிவாலும் மூன்றாம் சுற்றில் உண்டு! 1970-களில் ஷரோலேவுக்கு இருந்த பெரிய முன்னிலை, 1999–2001-இல் பிறந்த கன்றுகளில் பெருமளவு கரைந்துவிட்டது. ஆங்கஸைத் தேர்வு செய்து செய்து பெரிதாக்கிவிட்டார்கள்.

தலையீத்து: செத்த கன்றுகளைச் சேர்த்தீர்களா? ஷரோலே கன்று பிறக்கும்போதே கனம். தலையீத்துக் கிடேரிக்குப் போட்டால் இழுத்து எடுக்க வேண்டிவரும், சிலது போகும். பிழைத்ததை மட்டும் சராசரி எடுத்தால் அந்த இழப்பு மறைந்துபோகும். சினைக்கு விட்ட மாடு ஒன்றுக்கு எத்தனை கிலோ கன்று கிடைத்தது என்று பாருங்கள். பிராமன் (திமில் உள்ள இனம்) காளை என்றால் இன்னும் கவனம்: ஐரோப்பிய இனத் தாய்க்குப் போட்டால் காளைக்கன்று ரொம்பவே கனத்துப் பிறக்கும்; தாய் பிராமன், காளை ஐரோப்பிய இனம் என்றால் கன்று சிறுத்துவிடும்.

கேட்டவர்: இரண்டு கன்று செத்தது, சேர்க்கவில்லை. ஒரு ஷரோலே கன்று முழுக் கறுப்பாக இருக்கிறது, அதை என்ன செய்ய?

முக்கால்ரத்தம்: கறுப்பு மாட்டுக்கு ஷரோலே போட்டால் புகைச் சாம்பல் நிறம்தான் வரும். சுத்தக் கறுப்பு என்றால் தகப்பன் வேறு. சினை ஊசி நிற்காமல் மேய்ச்சல் காளையிடம் சினை பிடித்திருக்கும். டிஎன்ஏ பார்க்கும்வரை அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.