நேராக ஓடினால் வேகம், திரும்பும்போது தடுமாற்றம்: எதில் தொடங்குவது?

13, 14 வயதுப் பையன்களுக்கு கூடைப்பந்து பயிற்சி கொடுக்கிறேன். அதில் ஒருவனைப் பற்றித்தான் கேள்வி. 28 மீட்டர் கோர்ட்டை நேராக ஓடவிட்டால் அணியிலேயே அவன்தான் முதல். ஆனால் டிஃபென்ஸில் எதிராளி திசை மாற்றியதும் இரண்டு மூன்று எட்டு கூடுதலாகப் போய்த்தான் நிற்கிறான். இடுப்பு இறங்குவதில்லை, முட்டி உள்பக்கம் சாய்கிறது. இடது காலை ஊன்றித் திரும்பும்போது இன்னும் மோசம்.

சில மாதங்களாக மளமளவென்று உயரம் கூடியிருக்கிறது. தடுமாற்றமும் அப்போதுதான் தொடங்கியது. வலி, வீக்கம் எதுவும் இல்லை.

ஏணி டிரில் (தரையில் விரித்த ஏணியின் கட்டங்களில் வேகமாகக் கால் மாற்றி வைப்பது), கோன் ஷட்டில் (அடையாளக் கூம்புகளுக்கு இடையே ஓடித் திரும்புவது), ஸ்லைடு (பக்கவாட்டில் நகர்வது) எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. ஏணியில் கால் பறக்கிறது, மேட்ச்சில் ஒன்றும் தெரியவில்லை (பார்க்க அழகாக இருப்பதோடு சரி). கோன் எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே தெரிவதால் அதிலும் நன்றாகவே திரும்புகிறான். எதிரில் ஆளை நிறுத்தி, அவன் அசைவைப் பார்த்துத் திரும்பச் சொன்னால்தான் சிக்கல். குதித்து அசையாமல் நிற்கும் பயிற்சி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். வெயிட் தூக்க வைக்கவில்லை.

வாரம் மூன்று நாள், தலா 20 நிமிடம்தான் இதற்குக் கிடைக்கும். இந்த வளர்ச்சிக் கட்டத்தில் அதை முதலில் வேகத்தை அடக்கி நிற்பதற்கும் கால் பலத்துக்கும் ஒதுக்குவதா, எதிராளியைப் பார்த்துத் திரும்பும் பயிற்சிக்கு ஒதுக்குவதா?