மறு: அளவுப் பெட்டியில் இரண்டு புள்ளிகள்

நண்பர்களே,
ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் உரைக்கருவியைத் தமிழாக்க வெள்ளிக்கிழமை கெடு. ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது. அளவுப் பெட்டிக்குப் பக்கத்து அலகுப் பட்டியலில் பிக்சலுக்குப் 'படப்புள்ளி', அச்செழுத்தை அளக்கும் அலகான பாயிண்டுக்குப் 'புள்ளி' என்று பழைய கோப்பில் வைத்திருக்கிறோம். வகுப்பில் ஒரு மாணவி புள்ளி என்று நம்பிப் படப்புள்ளியில் 12 கொடுத்துவிட்டாள். அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள படத்தில் 12 பாயிண்ட் என்பது 50 பிக்சல். அவளுக்குக் கிடைத்தது வெறும் 12 பிக்சல்; தலைப்பு எறும்பு ஊர்வதுபோல் வந்தது. என்ன செய்யலாம்?

—

> பாயிண்டுக்குப் 'புள்ளி'

புள்ளி மெய்யெழுத்தின் தலையில் நிற்பது. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்கிறது தொல்காப்பியம். அச்சுக்காரர் அலகுக்கு அதை ஏன் இழுக்க வேண்டும்? பெட்டியின் பெயரான 'எழுத்தளவு'ம் பிழை. எழுத்துக்கு அளவு மாத்திரை: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'உருவளவு' என்க.

—

ஐயா, அப்படியானால் கால் மாத்திரையாய்க் குறுகி ஒலிக்கும் 'ம்' ஆன மகரக்குறுக்கத்துக்குக் கால் அளவில் எழுத்துரு செய்யச் சொல்வீர்களா? :-)
அந்த எண் எழுத்தின் உயரமே இல்லை. ஈய அச்செழுத்து எந்தக் கட்டைமேல் நின்றதோ, அந்தக் கட்டையின் உயரம். கணினியிலும் அதே கணக்குதான். 'ட'வும் 'கீ'யும் 'ஞூ'வும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஒரே எண் கொடுத்தும் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிவது இதனால்தான். 'கட்டையளவு' என்பதே துல்லியம்.

—

கட்டையளவு என்று போட்டால் எங்கள் டிடிபி கடைப் பையன்கள் மரக்கடை என்று நினைப்பார்கள். ஈயம் கோத்த காலத்திலிருந்து "பதினாலு பாயிண்ட்ல போடு" என்பதுதான் அச்சகப் பேச்சு. 72 பாயிண்ட் ஓர் அங்குலம், அவ்வளவுதான். அதை அப்படியே விடுங்களேன்.

—

> அதை அப்படியே விடுங்களேன்

வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்காது. கடன் வாங்கினாலும் 'பாயிண்டு' என்றாவது எழுதுங்கள். 'புள்ளியம்' என்றால் இந்தச் சண்டையே இல்லை.

—

புள்ளியம், படப்புள்ளி... மாணவி மறுபடி குழம்புவாள் ஐயா. கோப்பை அனுப்பிவிட்டேன். பெட்டிக்கு வெறும் 'அளவு'. அலகுகள் 'பிக்சல்', 'பாயிண்டு'. உகரம் உங்களுக்காக. மற்ற மூவருக்கும் சம்மதம்.

—

என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்து வரி இடைவெளிக்கு 'லெடிங்' வரும். வரிகளுக்கிடையே ஈயத் தகடு வைத்ததால் வந்த பெயர். கட்டைக்காரர் 'ஈயம்' என்று கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: 'வரியிடை'.