ஃபிரிட்ஜ் மேல் இருந்த மருந்து டப்பா

வேலூரில் எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ்த்தளம். கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். மருந்து டப்பா இருந்ததோ ஃபிரிட்ஜ் தலையில். பிள்ளைகள் கைக்கு எட்டாது என்று அம்மா அங்கே வைத்தார். ஃபிரிட்ஜ் தன் உள்சூட்டை வெளியேதான் தள்ளும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

போன மே மாதம் தலைவலி. அட்டையிலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் குப்பியில் போட்டிருந்த ஆஸ்பிரினை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு நெடி. உள்ளே வினிகர் கொட்டியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் தூரத்திலிருந்தே, "குப்பையில போடுங்க சார்" என்றார். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையுமாம். வினிகரில் இருப்பதும் இந்த அசிட்டிக் அமிலம்தான். இத்தனைக்கும் காலி அட்டையில் பார்த்தால் காலாவதிக்கு இன்னும் 14 மாதம் பாக்கி!

பதில்:
எனக்குக் காரில் நடந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆசனவாயில் வைக்கிற பாராசிட்டமால் குச்சி (சப்போசிட்டரி), பையோடு வெயிலில் நின்ற வண்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் மெழுகாக உருகியிருந்தது. உடல் சூட்டில் கரையும்படி செய்த பொருள், வேறென்ன ஆகும்! ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டேன், புத்திசாலித்தனமாக. டாக்டர் திட்டினார். உருகும்போது மருந்து ஒரு பக்கமாகப் படிந்துவிடலாம், அளவை நம்ப முடியாது என்றார்.

பதில்:
நான் மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றவன். ரொம்பவும் பயப்பட வேண்டாம். மாத்திரைகளை 40 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அட்டையிலேயே இருக்கிற பாராசிட்டமால் ஒருநாள் வெயிலில் கெட்டுவிடாது. நாங்கள் பயப்படுவது மென்மையான கேப்சூல்களுக்கு. மீன் எண்ணெய் கேப்சூல் முப்பதும் கொழுக்கட்டை மாதிரி ஒட்டிக்கொண்டதென்று ஒருவர் குப்பியோடு வந்து நின்றார். ஓஆர்எஸ் பொடி பழுப்பேறியிருந்தால் கலக்கவே வேண்டாம். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் '30 டிகிரிக்குக் கீழே' என்று இருக்கும். காலாவதித் தேதி அப்படி வைத்தால்தான் செல்லும். அப்புறம், அடுப்புக்கு மேல் அலமாரியும் குளியலறையும் ஆகவே ஆகாது. படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டு போதும். பூட்டு இருப்பதால் பிள்ளைகள் கவலையும் இல்லை.