40 கருவிகளும் ஒன்றாக இணைந்தால் வகுப்பு நின்றுவிடுகிறது

மாணவருக்கு ஒரு குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினி) கொடுத்துவிட்டோம், வகுப்புக்கு 40. எல்லாரும் ஒரே நேரத்தில் உள்நுழைந்தால் பாதித் திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்துப் பேர் என்றால் சிக்கலே இல்லை. பருவத் தொடக்கத்திலிருந்து இதே கதைதான்.

கருவியில் 4 ஜிபி ரேம். அறைக்கூரையில் வைஃபை 5 அணுகல் புள்ளி (கருவிகளை வைஃபையில் இணைக்கும் பெட்டி) ஒன்று. கேபிளில் சோதித்தால் வேகம் முழுதாக வருகிறது. ஆகவே "இணைய வேகத்தைக் கூட்டுங்கள்" என்ற வழக்கமான மருந்து வேண்டாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 1, 6, 11 சேனல்களை மாற்றிப் பார்த்தோம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மென்பொருள் புதுப்பிப்பை இரவுக்குத் தள்ளினோம். மூடிவைத்த கருவி இரவில் எதைப் பதிவிறக்கும்? முதல் பாடவேளையில் எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன.

அதே அறையில் இரண்டாவது அணுகல் புள்ளி பொருத்தினால் இது தீருமா?