அம்மாவை பிரான்சில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

ஆரையம்பதி மகள்:
வணக்கம். ஜூலை நடுவில் அம்மாவும் நானும் பிரான்சுக்குப் போகிறோம். அண்ணன் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் இருக்கிறார். பதினொரு வருடமாக அம்மா அவரை நேரில் காணவில்லை. ஆறு கிழமை நிற்போம், ஆனால் அண்ணனுக்கு ஒரு கிழமைதான் லீவு. அதற்குள் சுவிஸ், ஜெர்மனி எல்லாம் காரில் சுற்றிக் காட்டப்போவதாகச் சொல்கிறார். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் நோ. எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே இருக்கிற நம்ம ஊர் ஆக்கள் சொல்லுங்கள், எங்கே போனால் அம்மா சந்தோஷப்படுவா?

கல்லடி வாவிக்கரை:
தங்கச்சி, நான் இங்கே வந்து 19 வருடம். உணவகக் குசினியில் வேலை. அண்ணனின் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. என் அம்மா முதல் தடவை வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, விடியப்புறம் தெற்குப் பக்கம் காரில் வெளிக்கிட்டோம். எந்த நாளில் ரோட்டில் எவ்வளவு நெரிசல் என்று பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டு முன்கூட்டியே அறிவிப்பார்கள். நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் கறுப்பு. லியோனைத் தாண்டவே இருட்டிவிட்டது. அம்மாவின் கால் இரண்டும் வீங்கிப்போய்விட்டன. "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவமா மகன்" என்று மட்டும்தான் கேட்டா. அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

அடுத்த தடவை ஒரே இடம், தென்மேற்குக் கடற்கரையில் இருக்கிற ஆர்க்காஷோன் என்ற ஊர். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் தெஜேவே என்கிற அதிவேக ரயிலில் ஏறினால் போர்தோவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து சின்ன ரயிலில் ஒரு மணித்தியாலமும் இல்லை. நம்ம மட்டக்களப்பு வாவி மாதிரியே கடலோடு ஒரு வாயால் சேருகிற நீர்ப்பரப்பு. பாலமீன்மடு முகத்துவாரத்தில் நிற்கிற நினைப்புத்தான் வரும். ஆனால் நம்ம பக்கம் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, அங்கே நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்ற தோணிகள் பின்னேரம் சேற்றில் ஒருபக்கம் சரிந்து கிடந்தன. "தண்ணியெல்லாம் எங்க மகன் போயிற்று?" என்று அம்மா எழும்பி நின்று பார்த்தா. அப்புறம் இரண்டு நாளும் கரையில் இருந்த வாங்கிலேயே இருந்து தண்ணீர் திரும்பி வருவதைப் பார்த்தா.

அங்கே சிப்பி வளர்ப்புத்தான் தொழில். ஒருவர் கத்தியால் திறந்து தேசிக்காய் பிழிந்து தந்தார். பச்சையாகத் தின்ன மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டா. சிப்பியின் ஓட்டை மட்டும் வாங்கி, உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, கைலேஞ்சியில் முடிந்துகொண்டா. இப்போது அது கல்லடி வீட்டில் சாமித்தட்டில் இருக்கிறது.

பக்கத்தில் பிலா மணல்மேடு இருக்கிறது, ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். கோடையில் படி வைப்பார்கள், ஆனாலும் அம்மாவை ஏற்ற வேண்டாம். சாப்பாட்டுக்கு 12 மணிக்கே போய்விடுங்கள். இரண்டு மணி தாண்டினால் எங்கள் குசினியில் அடுப்பை அணைத்துவிடுவோம். பசியோடு வருகிற வயதானவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

களுவாஞ்சிக்குடி அக்கா:
தம்பி சொன்னது சரி. நான் லூர்தையும் சொல்வேன். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்த குகை. நாங்கள் சைவ சமயம்தான், ஆனாலும் வருடா வருடம் போகிறோம். இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் மெழுகுதிரியோடு நடப்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு அங்கே முதல் மரியாதை, அதனால் முழங்கால் நோவுக்காரர் யோசிக்கத் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசிவரை நிற்பீர்கள் என்றால் லாச்சப்பல் பிள்ளையார் தேர் எப்போது என்று கேட்டு வையுங்கள். பாரிஸ் தெருவில் தேங்காய் மலைபோலக் குவித்து உடைப்பதை அம்மா பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஜூலையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். என் மாமி விளக்கு வைக்கிற நேரம் தெரியாமல் தவித்துப்போனா. நேரத்துக்கே யன்னல் கதவை மூடிவிடுங்கள், நித்திரை குழம்பாது.

அக்கரைப்பற்றான்:
அண்ணன், நானும் உம்மாவைக் கூப்பிட நினைக்கிறேன். என்ன பத்திரம் வேண்டும்?

கல்லடி வாவிக்கரை:
தம்பி, நீங்கள் இருக்கிற ஊர் மேரியில், அதாவது நகரசபையில், விருந்தினரை வரவேற்கும் பத்திரம் எடுக்க வேண்டும். உம்மாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. அதிகம் 90 நாள் நிற்கலாம். மேரியில் சில இடங்களில் வாரக்கணக்கில் இழுக்கும், இப்போதே போங்கள்.

ஆரையம்பதி மகள்:
அண்ணனுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "போர்தோ டிக்கெட் பார்க்கிறேன்" என்றார். அம்மா கேட்கச் சொன்னா, அங்கே நண்டு கிடைக்குமா?

கல்லடி வாவிக்கரை:
கிடைக்கும், உள்ளங்கையைவிடப் பெரிய கடல் நண்டு. குசினியோடு வீடு எடுங்கள், கறித்தூளை மட்டும் அம்மா ஊரில் இடித்துக் கொண்டுவரட்டும்.